ரகுபதி நிரபராதி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்குக் காத்து ஆகாது. பைய மேல வைக்காதீங்க. துவாக்குடி தாண்டினதும் டிரைவர் ஒரு பிரேக் போடுவான், மேல இருக்கிறதெல்லாம் தலைக்கு வந்துரும். போன தடவை ஒரு அம்மா தலைல பலாப்பழம் விழுந்துச்சு. நல்லவேளை, பாதிப் பழம்.

தஞ்சாவூரா? மருந்துக் கம்பெனி ஆளுங்களா? டையைப் பாத்தாலே தெரியுது. நான் வல்லத்துல இறங்கிடுவேன். அங்க ஒரு டிரஸ்ட்டுக்காரங்க நூலகம் வச்சிருக்காங்க, ஆராய்ச்சிக்காரங்க வர்ற இடம். நான் ஆராய்ச்சிக்காரன் இல்ல. மின்சார வாரியத்துல உதவிப் பொறியாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். பேரு கனகசபாபதி. ஆனா அந்த நூலகத்துல என் பேரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு, அட்டையில அச்சடிச்சு. கௌரவம்னு நினைச்சிராதீங்க. அவமானமாத்தான் ஆரம்பிச்சுது. இப்ப கொஞ்சம் கொஞ்சமா கௌரவமாயிட்டு வருது. சொல்றேன், போனை உள்ள வைங்க.

நைலரசின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? மர்மக் கதை எழுதுறவ. எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? இருக்கும். வாரப் பத்திரிகைல தொடர்கதை வந்துக்கிட்டே இருக்கும். அவ என் சம்சாரம். சொந்தப் பேரு மங்கையர்க்கரசி. டாக்டர் மங்கையர்க்கரசி. ஊசி போடுற டாக்டர் இல்ல, எகிப்து டாக்டர். திருச்சில பொம்பளப் புள்ளைங்க காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் குடுத்தா. நைல் நதியையும் அரசியையும் ஒட்டவச்சு நைலரசின்னு பேரு வச்சிக்கிட்டா. நான் அப்பவே சொன்னேன், வேணாம்டி, நைலான் புடவை மாதிரி இருக்குன்னு. கேக்கல. ஒரு ஜவுளிக்கடைக்காரன் நிஜமாவே அப்படி நினைச்சிக்கிட்டுக் கடை திறக்கக் கூப்பிட்டான். இவளும் போய்த் திறந்துவச்சிட்டு வந்தா.

எகிப்துன்னா சும்மா புத்தகம் படிச்ச எகிப்து இல்ல தம்பி. பறவை, பாம்பு, கண்ணு, கைன்னு பொம்மை பொம்மையா எழுதி வச்சிருக்கான் பாருங்க, அதை நீங்க பஸ் போர்டு படிக்கிற மாதிரி படிப்பா. லக்சர்னு ஒரு ஊரு. அங்க வெள்ளைக்காரங்க தோண்டுற எடத்துக்கு இவளைக் கூப்பிடுவாங்க. குளிர் காலத்துல போனா மாசிக்கோ பங்குனிக்கோதான் வருவா. அவ அங்க நரி மூஞ்சிச் சாமி, முதலை மூஞ்சிச் சாமிங்களோட. நான் இங்க மிளகு ரசத்தோட.

திரும்பி வந்ததும் சரியா சாப்பாட்டு நேரத்துல ஆரம்பிப்பா. செத்தவனோட மூளையை மூக்கு வழியா கம்பி விட்டு இழுத்து வெளிய எறிஞ்சிருவாங்களாம். அது எதுக்கும் உதவாதுன்னு அவங்க நினைப்பு. ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல், இந்த நாலையும் நாலு ஜாடில போட்டு மூடிருவாங்களாம். இருதயத்தை மட்டும் உள்ளயே விட்டுருவாங்களாம், மேல போனப்புறம் சாமி அதைத் தராசுல நிறுத்துப் பாக்கணுமாம். எனக்கு முன்னாடி சேமியா உப்புமாவை வச்சிட்டு இதைச் சொல்லுவா. "மூளையை எடுத்துட்டா எங்க ஆபீஸ்ல யாருக்கும் வித்தியாசமே தெரியாதுடி"ன்னு சொல்வேன். சிரிக்க மாட்டா. ஆனா கொஞ்ச நாள் கழிச்சு அந்த வசனம் அவ கதைல வந்திருக்கும், எவனோ ஒரு போலீஸ்காரன் சொன்ன மாதிரி. பக்கத்து வீட்டுச் சந்தானம் வாத்தியார் வந்து சொல்வாரு. நான் படிச்சதில்ல.

ஆமா, படிச்சதில்ல. ஒண்ணுகூட. ஏன் அப்படிப் பாக்குறீங்க? அவ என்னிக்காவது என் டிரான்ஸ்பார்மரை வந்து பாத்தாளா?

கடைசியா அவ எழுதிட்டிருந்த தொடருக்கு 'ஐந்தாவது ஜாடி'ன்னு பேரு. தஞ்சாவூர்ல ஒரு மியூசியம். அங்க எகிப்து ஜாடிங்க இருக்கு. நாலுதானே இருக்கணும்? அஞ்சு இருக்கு. அஞ்சாவதுல என்ன இருக்குன்னு சியாமளான்னு ஒரு அதிகாரி கண்டுபிடிச்சிடுறா. கண்டுபிடிச்ச மறுநாள் காலைல காப்பி குடிச்சிட்டு அப்படியே சாஞ்சிடுறா. காப்பில விஷம். காப்பி போட்டுக் குடுத்தது அவ புருஷன் ரகுபதி. தங்கமான மனுஷன். இன்ஸ்பெக்டரம்மா விசாரிக்கிறா, விசாரிக்கிறா, ஒரு நாள் எல்லாரையும் வீட்டுக் கூடத்துக்கு வரச்சொல்றா. "கொலை செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும்"கிறா. அந்த வாரம் அதோட தொடரும் போட்டாச்சு.

அந்த வாரம்தான் என் சம்சாரம் போயிட்டா.

எழுதுற மேஜைலயே. மூளைல ரத்தம் கசிஞ்சிருச்சுன்னாரு டாக்டர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கக்கூட வேலை இல்லாமப் போச்சு. எங்களுக்குப் புள்ள குட்டி கிடையாது. காலேஜ்லருந்து அவ ஸ்டூடண்ட்டுங்க வந்து அழுதாங்க. லக்சர்லருந்து ஒரு வெள்ளைக்காரரு போன் பண்ணி அழுதாரு. எனக்கு அவரு பேசுற இங்கிலீஷ் புரியல, நானும் எஸ் எஸ்னேன்.

அதுவரைக்கும் சரி. காரியத்தன்னிக்குதான் விவகாரம் ஆரம்பிச்சுது. வந்தவங்களுக்கெல்லாம் நானே காப்பி போட்டேன். அரசிக்கு தினமும் காலைல நான்தான் போடுவேன், கை வந்த வேலை. ஒருத்தரும் தொடல தம்பி! அத்தனை டம்ளரும் ஆறி ஆடை கட்டிப் போச்சு. சந்தானம் வாத்தியார் மெதுவா பக்கத்துல வந்தாரு. "கனகசபாபதி, வீட்ல எலித் தொல்லை உண்டோ?"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. "ஏன் சார், உண்டுதான்"னேன். மனுஷன் செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிட்டாரு.

அப்புறந்தான் அந்தத் தொடரை வாங்கி உக்காந்து படிச்சேன். கதைல ரகுபதி எலி மருந்து வாங்கியிருக்கான். சரி, எலி இருந்தா மருந்து வாங்க மாட்டானா? காப்பியை வச்சிட்டு நேராக் கோயிலுக்குப் போயிட்டேங்கிறான், அன்னிக்கு கிரகணம், கோயில் பூட்டியிருக்கு. சரி, வெளிய நின்னு கும்பிட்டிருப்பான். பொண்டாட்டி பேருல புதுசா இன்சூரன்ஸ் எடுத்திருக்கான். பொறுப்பான ஆளு. இதையெல்லாம் வச்சிக்கிட்டு ஊரே அவன்தான் கொலைகாரன்னு முடிவு பண்ணிருச்சு! அதுமட்டும் இல்ல. அந்த ரகுபதி காலைல வாய் கொப்பளிக்கிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேக்குமாம். பேப்பரை எட்டா மடிச்சு அக்குள்ல வச்சிக்கிட்டுத்தான் நடப்பானாம். பேசுறவங்களை முடிக்க விடாம "அப்புறம்?"னு கேப்பானாம். எனக்கும் இந்தப் பழக்கமெல்லாம் உண்டு. நாட்ல எத்தனை பேருக்கு உண்டு! தற்செயலா அமைஞ்சுது. ஆனா எங்க தெருக்காரனுங்களுக்கு அவ்வளவு தூரம் யோசிக்கத் தெரியல. இஸ்திரிக்காரன் என்னைப் பாத்தா துணியை வாங்கிட்டு ரெண்டடி பின்னால போறான்.

கதை முடிஞ்சாத்தானே சந்தேகம் தீரும்? பத்திரிகை ஆசிரியரு போன் பண்ணாரு. "ஐயா, அம்மா கடைசி அத்தியாயத்துக்கு ஏதாவது எழுதி வச்சிருக்காங்களா? வாசகர்கள் கொன்னு எடுக்குறாங்க"ன்னாரு. அலமாரி, டிராயர், கம்ப்யூட்டர், எல்லாம் பாத்தேன். ஒண்ணும் இல்ல. எல்லாம் அவ மண்டைக்குள்ளயே இருந்திருக்கு. நான் சொன்னேன், "இருக்குங்க. அவ கடைசியா ஆஸ்பத்திரில சொல்லச் சொல்ல நான் எழுதி வச்சிருக்கேன்"னு. ஒரு நிரபராதியைக் காப்பாத்தணும்னா அப்படித்தான் தம்பி சொல்லணும்.

எழுதினேன். என்ன பெரிய கம்பசூத்திரம்? கூடத்துல எல்லாரும் உக்காந்திருக்காங்க. அப்ப வாசல்ல ஒருத்தன் வர்றான், மலேசியாவுலருந்து. சியாமளாவோட அத்தை பையன், பேரு ஜம்புலிங்கம். சின்ன வயசுல கட்டிக்குடுக்கலேன்னு பழிவாங்க வந்தவன், அவன்தான் காப்பில கலந்தது. தப்பிச்சு ஓடுறான். நேரா போயி டிரான்ஸ்பார்மர் வேலியில ஏறுறான். பதினோராயிரம் வோல்ட்டு! அந்த எடத்துல எர்த்திங் சரியில்லேன்னா என்ன ஆகும்னு விளக்கமா எழுதினேன். ஜனங்களுக்கு உபயோகமா இருக்கும். கடைசில இன்ஸ்பெக்டரம்மா ரகுபதி கையைப் புடிச்சிக்கிட்டு, "உங்களைப் போன்ற நல்ல கணவரைச் சந்தேகப்பட்டதற்கு இந்த ஊரே வெட்கப்பட வேண்டும்"னு சொல்றா. எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

பத்திரிகைல அப்படியே போட்டாங்க, அவ பேருல. அடுத்த வாரம் வாசகர் கடிதம் பாக்கணுமே. மூட்டை மூட்டையா திட்டு. யாருய்யா ஜம்புலிங்கம்னு ஒருத்தன் கேக்குறான். இன்னொரு அம்மா கேக்குது, "ஐந்தாவது ஜாடில என்னதான் இருந்துச்சு?"ன்னு. நான் ஜாடியை மறந்துட்டேன், உண்மைதான். அதுக்காக? ஜாடின்னா திறந்தே ஆகணுமா? எங்க வீட்டுப் பரண்ல எத்தனை ஜாடி திறக்காமக் கிடக்கு. சந்தானம் வாத்தியார் முன்னெல்லாம் வாசல் வரைக்கும் வருவாரு. கதை முடிஞ்சப்புறம் அதுவும் இல்ல.

செங்கிப்பட்டி வந்தாச்சா? நேரம் இருக்கு.

அப்புறம் நூலகத்து வேன் வந்துச்சு. அரசி உயிரோட இருக்கும்போதே அவ காகிதத்தையெல்லாம் அவங்களுக்குக் குடுக்கிறதா வாக்குக் குடுத்திருந்தாளாம். தோண்டுன எடத்து வரைபடம், உடைஞ்ச பானை படம், கதைங்க, வெள்ளைக்காரங்களோட கடிதப் போக்குவரத்து, எல்லாத்தையும் பெட்டி பெட்டியா அள்ளிட்டுப் போனாங்க. எனக்குச் சந்தோஷந்தான். ஒரு ரூம் காலியாச்சே. அங்க ஒரு ஈஸி சேர் வாங்கிப் போட்டேன். அந்த ரூம்ல சத்தம் எதிரொலிக்குது தம்பி. இருமுனா இருமுது. அதனால கூடத்துலயே படுத்துக்கிறது.

நூலகத்துல அவ பேருல தனிப் பிரிவு திறக்கிறோம், நீங்க வரணும்னு அழைப்பு வந்துச்சு. போனேன். பட்டு வேட்டி, சந்தனம், மேடைல நாற்காலி. டிரஸ்ட்டு தலைவரு அவளை "எகிப்தின் தமிழ் மகள்"னாரு, "மர்மத்தின் மாதரசி"ன்னாரு, எழுதிக் குடுத்தவன் எவனோ. அப்புறம் எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போயி காட்டுனாங்க. கண்ணாடிப் பெட்டிங்க. ஒண்ணுல என் கையெழுத்து! 'ஐந்தாவது ஜாடி' கடைசி அத்தியாயம். பக்கத்துல ஒரு அட்டை. "ஆசிரியர் எழுதியதன்று. தரம் மிகக் குறைவு. எழுதியவர் கணவராக இருக்கலாம்."

இருக்கலாம்! கைவிலங்கு மாட்டாததுதான் பாக்கி.

"யாரும்மா இதை எழுதி வச்சது?"ன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான். டிரஸ்ட்டு தலைவரு கேசரியோட நின்னுட்டாரு.

ஒரு பொண்ணு முன்னால வந்துச்சு. கண்ணாடி போட்ட பொண்ணு. ஜெசிந்தான்னு பேரு, அந்தப் பிரிவுக்கே அதுதான் பொறுப்பு. அரசி கதைகளை வச்சே டாக்டர் பட்டம் வாங்கியிருக்கு. "நான்தான் சார்"னுச்சு.

"இது என் சம்சாரம் ஆஸ்பத்திரில சொல்லச் சொல்ல நான் எழுதினது."

"சார், மேடம் ஆஸ்பத்திரிக்கே போகலையே."

"அப்ப வீட்ல சொன்னது."

"மேடம் எழுதின அத்தனை நாவல்லயும் எர்த்திங் பத்தி ஒரு வரிகூடக் கிடையாது சார். இதுல ரெண்டு பக்கம் இருக்கு."

"அதான்மா அவ கதைல இருந்த பெரிய குறை!"

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிச்சு. அழுவுதோன்னு பாத்தேன், சிரிக்குது. அப்புறம் ஒரு மாதிரி சமாதானத்துக்கு வந்தோம். 'இருக்கலாம்'ங்கிறதை எடுத்துட்டு என் பேரை முழுசாப் போடணும், 'தரம் மிகக் குறைவு'ங்கிறதை எடுக்கணும்னேன். பேரைப் போட்டுச்சு. தரத்தை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்னுருச்சு. கடைசில 'தரம் வேறு'ன்னு மாத்திக்கிச்சு. இப்ப அங்க வர்ற புள்ளைங்க முதல்ல என் பெட்டிகிட்டத்தான் நிக்கிதுங்க. சந்தோஷமாச் சிரிச்சுக்கிட்டே படிக்குதுங்க. எழுத்துன்னா நாலு பேரைச் சந்தோஷப்படுத்தணும்ல?

ஆனா ரகுபதி விஷயம் தீரல. ஜெசிந்தாவும் அவன்தான் கொலைகாரன்னுது. "அதுக்குத்தான் சார் மேடம் கிரகணத்தையே வச்சாங்க"ங்குது. நான் சொன்னேன், "எங்க அரசி ஒரு புருஷனைக் கொலைகாரனா எழுதவே மாட்டா. நிரூபிக்கிறேன் பாரு. அவ எழுதினது எல்லாத்தையும் எடு, வரிசையா."

அப்படித்தான் தம்பி நான் வர ஆரம்பிச்சது. முதல் நாள் மேஜைல உக்கார வச்சு வெள்ளைக் கையுறை குடுத்தாங்க. கை அழுக்கு படக்கூடாதாம். பெட்டியைத் திறந்தா உள்ள என்ன? எங்க ஆபீஸ் மீட்டர் கார்டு! பழசு. நான்தான் வீட்டுக்குக் கொண்டாந்து போட்டது. அதுக்குப் பின்பக்கம் பூரா அவ பறவை பறவையா, கண்ணு கண்ணா எழுதிப் பழகியிருக்கா. என் மீட்டர் கார்டைத் தொட எனக்குக் கையுறை!

முதல் நாவலைப் படிச்சேன். கொலைகாரன் யாருங்கிறீங்க? புருஷன். சரி, ஆரம்பகாலத்துல எழுதினது, பக்குவம் பத்தாதுன்னு விட்டேன். ரெண்டாவது படிச்சேன். அதுலயும் புருஷன். ஜெசிந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு ஏதோ பெட்டியைத் துடைக்குது.

அன்னிக்கு மதியம் டீ குடிக்கும்போது அது ஒண்ணு கேட்டுச்சு. "சார், நிஜமாவே கேக்குறேன். மேடம் உங்ககிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா, யாருன்னு?"

சொல்லல. அவதான் என்னைக் கேட்டா. அவ போன அன்னிக்குக் காலைல. காப்பி கொண்டுபோய் வச்சேன். எழுதிட்டிருந்தவ நிமிந்து பாத்து, "ஏங்க, இத்தனை வருஷத்துல ஒண்ணையாவது படிச்சீங்களா? இதை மட்டுமாவது படிங்க. படிச்சிட்டு யாருன்னு சொல்லுங்க பாப்போம்"னா. "சாயங்காலம் சொல்றேன்"னேன். தண்ணி மோட்டார் காயில் கருகிப்போயிருந்துச்சு, அதைக் கட்டுறதுக்குக் கொண்டுபோகணும் எனக்கு. கட்டுறவன் நல்லா நேரமாக்கிட்டான். திரும்பி வந்தப்ப தலையை மேஜைல வச்சிருந்தா. தூங்குறான்னு நினைச்சு மோட்டாரை மாட்டப் போயிட்டேன். மாட்டி, தண்ணி ஏத்தி, அப்புறந்தான் போய்க் கூப்பிட்டேன்.

அதைச் சொன்னதும் ஜெசிந்தா என் டீ டம்ளரை வாங்கிக் கழுவ எடுத்துட்டுப் போயிருச்சு. பொதுவா அங்க அவங்கவங்க டம்ளரை அவங்கவங்கதான் கழுவணும்.

இப்ப வாரா வாரம் வந்துடுறேன். நிரூபிக்கிற வேலை ஒரு பக்கம் நடக்குது. ஆனா படிக்கிறதுக்கு ஒரு முறை வச்சிருக்கேன். கடைசி அத்தியாயம் வந்ததும் நிறுத்திடுவேன். ஜெசிந்தாவைக் கூப்பிட்டு இன்னார்தான் கொலைகாரன்னு அடிச்சுச் சொல்லுவேன். அதுக்கு எல்லாம் தெரியும், ஆனா மூஞ்சியைக் கல்லாட்டம் வச்சிக்கும். அப்புறம் படிப்பேன். இதுவரைக்கும் ஒண்ணுகூடச் சரியாச் சொன்னதில்ல தம்பி. புருஷன்னு சொன்னா பால்காரன். பால்காரன்னு சொன்னா பிரின்சிபால். ஒரு தடவை ரொம்ப யோசிச்சு இன்ஸ்பெக்டரம்மாவேதான்னேன், படிச்சா செத்துப்போனதாச் சொன்னவளே கொலைகாரி! ஆத்திரமா வரும். "அடிப்பாவி, இப்படியாடி ஏமாத்துவ?"ன்னு கத்திருவேன். நூலகத்துல கத்தக்கூடாதாம். எனக்கு மட்டும் விட்டுவச்சிருக்காங்க.

இன்னொண்ணும் பாத்தேன். ஒவ்வொரு கதையிலயும் வாய் கொப்பளிச்சுத் தெருவை எழுப்புற ஆளு ஒருத்தன் வர்றான். ஒண்ணுல போஸ்ட் மாஸ்டர், ஒண்ணுல கப்பல் கேப்டன். ஒண்ணுல எகிப்து ராஜா! நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜா, நைல் கரைல நின்னு கொப்பளிக்கிறான், எதிர்க்கரையில முதலைங்க எழுந்திருக்குது. அந்தப் பழக்கம் அங்கயும் இருந்திருக்கு போல. ஆராய்ச்சி பண்ணாமலா எழுதியிருப்பா.

டிக்கெட்டை எடுத்து வச்சிக்கிறேன், வல்லம் வந்துருச்சு. இன்னிக்கு எந்தக் கதையா? 'மம்மியின் மூக்குத்தி'. போன வாரமே முக்கால்வாசி முடிச்சிட்டேன், இன்னிக்குக் கடைசி அத்தியாயம். எனக்கு என்னமோ அந்த நகைக்கடை சேட்டு மேலதான்...

என்ன சிரிக்கிறீங்க? படிச்சிருக்கீங்களா? நீங்களா? அம்மா வாங்குவாங்களா, அப்பப் படிச்சீங்களா? இம்புட்டு நேரம் சொல்லாம உக்காந்திருக்கீங்களே!

வேணாம். வாயைத் திறக்காதீங்க. தலையைக்கூட ஆட்டாதீங்க தம்பி, அந்தப் பக்கம் பாருங்க. சேட்டு இல்லேன்னா இல்லாமப் போறான். இது எனக்கும் அவளுக்கும் உள்ள விவகாரம்.

கண்டக்டர், இறங்கணும்!